ஆள் ஏறிய கார்

கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் காய்ந்திருந்த பசை நல்லெண்ணெய்க்கும் அசையவில்லை. கோமதி சேலைத் தலைப்பைச் சுருட்டி மறுபடி தேய்த்தாள். கணவர் கார்த்திகேசுவின் கை குளிர்ந்து, கனத்து, அவள் மடிமேல் கிடந்தது. குளிப்பாட்டி, வேட்டி கட்டி, விபூதி பூசியாகிவிட்டது. இந்த ஒரு விரல்தான் பாக்கி.

"போதும் கோமதி, தோல் உரிஞ்சிடப் போவுது" என்றாள் புஷ்பவல்லி.

கார்த்திகேசுவின் அக்கா அவள். விடிந்ததும் சேதி கேட்டுக் கிள்ளானிலிருந்து மகனோடு வந்தவள், அழுது முடித்துவிட்டு இப்போது எல்லாவற்றையும் மேற்பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பிக்குப் பிள்ளை இல்லாததால் அவள் மகன்தான் கொள்ளி வைக்கப்போகிறான். உயிரில்லாத கையைப் பார்த்துத் தோல் உரியும் என்றது சொன்ன பிறகே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். பின்பக்கத் தண்டவாளத்தில் ரயில் ஒன்று போய் முடியும்வரை ஜன்னல் அதிர்ந்தது.

கோமதி பசையை அப்படியே விட்டுவிட்டாள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸின் அந்தச் சின்ன ஹாலில் சவப்பெட்டிக்கு இடம் வேண்டுமென்று, மேசையைச் சமையலறைக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். அதன்மேல்தான் கார்கள் நின்றன. உள்ளங்கை அளவு ராலி பந்தயக் கார்கள். அலுவலகம் விட்டு வந்த மாலைகளில் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, சாயமடித்து அவர் செய்தவை. கடையில் வாங்கிய அட்டைப்பெட்டியில் படம் போட்டிருக்கிறபடி ஒன்றைக்கூட அவர் செய்ததில்லை. பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங்கை வெட்டிச் சக்கரத்துக்கு ஒன்றாக வைப்பார். ஸ்பிரிங்குக்கு அடியில் கடுகளவு வளையங்கள். வளையம் கூடினால் கார் எழும்பும், குறைந்தால் தாழும். முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கவைத்து, அதன்மேல் காரை நிறுத்தி, அடிவயிற்றுக்குக் கீழே மினி பஸ் டிக்கெட்டுகளை அடுக்கிச் செருகி உயரம் பார்ப்பார். பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய்வரும் நாளெல்லாம் கோமதி டிக்கெட்டைக் கீழே போடாமல் கொண்டுவந்து கொடுப்பாள். ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொள்வார். பல நாட்கள் இருவருக்கும் நடுவில் கைமாறியது அது ஒன்றுதான்.

எல்லாக் கார்களும் வலப்பக்கம் ஒரு நூலளவு தாழ்ந்திருக்கும். டிரைவர் உட்காரும் பக்கம். முதல் காரைத் துடைத்தபோதே அவள் கேட்டாள்.

"என்னங்க, கோணலா நிக்குது?"

"காலிக் கார் கடையில நிக்கும். ரோட்டுல போற கார்ல ஆள் இருக்கான்ல?"

"அப்ப ஒரு பொம்மைய உக்கார வைங்களேன்."

"பொம்மைய வெச்சா பொம்மையில்ல ஓட்டும்? அப்புறம் நான் எங்க உக்கார்றது?"

அந்தக் கார்களுக்கெல்லாம் முன்னால், கல்யாணமான புதிதில், நிஜமாகவே ஒரு பழைய டட்சன் கார் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் அதை எடுத்துக்கொண்டு தனியாகப் பந்திங் பக்கம் போய்விடுவார். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலைகளில் விரட்டு விரட்டென்று விரட்டிவிட்டு, புருவம்வரை சிவந்துபோய்த் திரும்புவார். அந்த முகத்தை மற்ற ஆறு நாளும் அவள் பார்த்ததில்லை. ஒரு ஞாயிறு விடியலிலேயே எழுந்து, பின்னலை இறுக்கிக் கட்டி, எலுமிச்சைச் சோற்றை டிபன் கேரியரில் அடைத்துக்கொண்டு கார்க் கதவருகே போய் நின்றாள். "அந்த ரோட்டுல வயித்தப் பொரட்டும் கோமதி. இன்னொரு நாள் நல்ல ரோட்டுல போவோம்" என்றார். சோற்றை மட்டும் வாங்கி இடது சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அவள் அப்புறம் கேட்கவில்லை. எதையுமே கேட்கவில்லை. டட்சனை விற்ற அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடாமல் படுத்தார். அவளும் சாப்பிடவில்லை. அது எதற்காக என்று அவர் விசாரிக்கவுமில்லை.

"தம்பிக்குப் புடிச்சத பெட்டியில வெச்சு அனுப்பணும்" என்று புஷ்பவல்லி சமையலறை வாசலில் வந்து நின்றாள். "இந்தக் காருங்கள விட்டா அவனுக்கு வேற என்ன புடிச்சுது? ஜெயராஜ், கடைசியா செஞ்சது எதுன்னு பாத்து எடுப்பா."

அலுவலகத்தில் கார்த்திகேசுவுக்குப் பக்கத்து மேசைக்காரர் ஜெயராஜ். ஞாயிறு மாலைகளில் வந்து, அவரும் ஒரு காரை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பார். அந்த நாற்காலி அவர் உடம்புக்கு முனகாத நாளில்லை. இப்போது அதே நாற்காலியில் உட்கார்ந்து, கடைசியாகச் செய்த வெள்ளைக் காரை இரண்டு விரலால் எடுத்தார். வழக்கம் விடவில்லை. கண்ணாடிமேல் நிறுத்தி, டிக்கெட் கட்டை வலப்பக்கம் செருகினார். இடப்பக்கம் செருகினார். குனிந்து பார்த்தார்.

"அண்ணி, இது லெவலா நிக்குதே."

கோமதி வாசல் சட்டத்தைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் கார் லெவலா நிக்குமா? எடது பக்கம் ஒரு வளையம் போட மறந்துட்டாரு. கை நடுங்குச்சு, பாவம்." ஜெயராஜ் மேசையிலிருந்த இடுக்கியைக் கையில் எடுத்தார். "இப்படியே அனுப்பக் கூடாது லா. கோவிச்சுக்குவாரு. நான் போட்டுர்றேன்."

இடுக்கியால் ஒரு வளையத்தை எடுத்து இடது ஸ்பிரிங்குக்கு அடியில் நுழைத்தார். கார் இடப்பக்கம் எழும்பி, மற்றக் கார்களைப் போல வலப்பக்கம் சாய்ந்து நின்றது. ஒருவர் மட்டும் உட்கார்ந்திருக்கும் கார்.

போன மாதம் இந்த மேசையில்தான். கார்த்திகேசு ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். மூச்சு வாங்கியது. அவள் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தபோது நிமிராமலே கேட்டார்.

"கோமதி, நீ எத்தன கிலோ இருப்ப?"

"ஏன், என்னத் தூக்கிட்டு எங்கயாச்சும் போகப் போறீங்களா?"

"சும்மா சொல்லு."

சொன்னாள். தலையாட்டிவிட்டு, டிக்கெட் கட்டிலிருந்து சிலதை உருவித் தனியே வைத்தார். கஞ்சி ஆறுகிறது என்று அவள் சத்தம் போட்டாள். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்திருந்தது.

சவப்பெட்டியும் வேனும் கொண்டுவந்திருந்த பெட்டிக்காரர் ஹாலிலிருந்து எட்டிப் பார்த்தார். "பாஸ், நேரமாவுது. செராஸ் மின்சுடலையில மூணு மணிக்குச் சொல்லிருக்கு. கார்ல பேட்டரி கீட்டரி இருக்கா? வெடிச்சுடும்."

"பேட்டரிலாம் இல்ல லா. பிளாஸ்டிக்தான்." ஜெயராஜ் காரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வளையத்த எடுத்துருங்க."

சொன்னது தன் குரல்தானா என்று கோமதிக்கே சந்தேகமாக இருந்தது. புஷ்பவல்லி திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணி?"

"இப்பப் போட்டீங்களே. அத எடுத்துருங்க. அவர் வெச்சது மாதிரியே இருக்கட்டும்."

"எடுத்தா எடது பக்கமும் தாழ்ந்துருமே அண்ணி. அங்க இன்னொரு ஆள் உக்காந்த மாதிரி..." ஜெயராஜ் நிறுத்தினார். காரைப் பார்த்தார். "நானா இருக்காது. நான் ஏறுனா அடி ரோட்டத் தட்டும்." சிரிக்கத் தொடங்கியவர் கோமதியின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் விட்டார்.

"ஒரு வளையத்துக்கு என்ன பஞ்சாயத்து? வெளிய எல்லாம் காத்திருக்காங்க" என்றாள் புஷ்பவல்லி.

"காத்திருக்கட்டும் அக்கா" என்றாள் கோமதி.

ஜெயராஜ் மறுபடி உட்கார்ந்தார். நாற்காலி முனகியது. வளையம் எளிதில் வரவில்லை. இரண்டு முறை இடுக்கி வழுக்கியது. பெட்டிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். கடைசியில் வளையம் வெளியே வந்து கண்ணாடிமேல் விழுந்தது. கோமதியே டிக்கெட் கட்டை எடுத்தாள். வலப்பக்கம் செருகி இழுத்தாள். இடப்பக்கம் செருகி இழுத்தாள். இரண்டு பக்கமும் ஒரே பிடி.

காரைக் கொண்டுபோய் அவருடைய இடது கைப்பக்கம், முன்புறம் கால்களை நோக்கியிருக்க, வைத்தாள். மூடியை மூடினார்கள்.

வாசல் கேட்டோடு பெண்கள் நின்றுகொள்ள வேண்டும். அதுதான் வழக்கம். தூக்கியவர்கள் பெட்டியை ஏற்றியதும் வேனின் பின்பக்கம் ஒரு முறை அமுங்கி நிதானித்தது. ஜெயராஜ் திரும்பி அவளைப் பார்த்துவிட்டு, புஷ்பவல்லியின் மகனுக்குப் பின்னால் ஏறிக்கொண்டார். முனைக் கடைவரை வேன் தெரிந்தது. அப்புறம் கடை மட்டும் தெரிந்தது.

உள்ளே வாளி நிறையத் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவத் தொடங்கியிருந்தார்கள்.

"கோமதி, வா, தலைக்கு ஊத்திக்க" என்று புஷ்பவல்லி கூப்பிட்டாள்.

"வரேன்" என்றவள் சமையலறைக்குள் போய் நின்றாள்.

தண்ணீர் சமையலறை வாசலைத் தாண்டி அவள் பாதங்களைத் தொட்டது. மேசையில் கண்ணாடி கிடந்தது. ஓரத்தில் அந்த வளையம். அதன்மேல் சுட்டுவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். விரல் நுனியிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது.

எடை எதுவும் தெரியவில்லை.