இரண்டு பேர் மூச்சு

1

பத்திரிகை ஆசிரியர் என்னிடம் கேட்டது இந்தக் கதையை அல்ல. "ஆர்க்கெஸ்ட்ராவில் அக்கார்டியன் வாசித்த நாட்களைப் பற்றி நாலு பக்கம், சிரிக்கிற மாதிரி" என்று கார்டு போட்டிருந்தார். சிரிப்பதற்கு என்னிடம் நிறைய இருந்தது. மைக் செட்டுக்காரர் கோபித்துக்கொண்டு ஒயரைச் சுருட்டிக்கொண்டு போனது, மாப்பிள்ளை மேடையேறி எங்கள் பாங்கோஸைப் பிடுங்கி வாசித்தது, இப்படி. ஆனால் பேனாவைத் திறந்ததும் குஞ்சம்மாள்தான் வந்தார். அவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டு வேறு எதையும் எழுத முடியவில்லை. எனவே ஆசிரியர் மன்னிக்க வேண்டும். இது 1988. நடந்தது 1981இல் தொடங்கியது. இன்னும் முடியவில்லை.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

(அ) சேந்தமங்கலத்தில் அன்று நோம்பி, கோயில் திருவிழா. கொல்லிமலை அடிவாரம் முழுக்கக் குழாய் ஸ்பீக்கர்களின்...

[வேண்டாம். மலையில் ஆரம்பித்தால் மலையை விட்டு இறங்குவதற்கே ஒரு பக்கம் ஆகும்.]

(ஆ) செத்துப்போன ஒருவன் மாதாமாதம் தன் தாயைப் பார்க்க வந்தான், அதற்கு அவனுக்குச் சம்பளம்...

[இது பேய்க்கதை எழுதுகிறவன் வாக்கியம். தீர்த்தகிரி படித்தால் வருத்தப்படுவார்.]

(இ) தீர்த்தகிரிக்குச் சொந்தக் குரல் இல்லை.

இதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

3

தீர்த்தகிரிக்குச் சொந்தக் குரல் இல்லை. ஆத்தூர்க்காரர். சூரமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை. சாயங்காலமானால் எங்கள் சுரமஞ்சரி இன்னிசைக் குழுவின் பாடகர். ரயில்வேயில் வேலை பார்த்த சரவணமுத்துதான் குழுவை நடத்தினார். நாங்கள் ஒரே ஒரு சினிமாப் பாடகரின் பாட்டுகளை மட்டும் வாசிக்கிற குழு. அந்தப் பாடகரைக் குழுவுக்குள் 'அசல்' என்போம்.* நோட்டீஸில் 'அவரே வந்து பாடுவதுபோல்' என்று அச்சடித்திருப்போம். அதில் பொய் இல்லை. தீர்த்தகிரி கண்ணை மூடிக்கொண்டால் அசல் வந்துவிடும். அசல் மூச்சு எடுக்கிற இடத்தில் இவரும் எடுப்பார். அசலுக்கு ஒரு பாட்டில் தொண்டை லேசாகக் கமறியிருந்தால் இவருக்கும் அதே இடத்தில் கமறும்.

கச்சேரிக்கு நாற்பது ரூபாய் கிடைக்கும். வீட்டில் மனைவி மாரக்காள், இரண்டு பெண் குழந்தைகள். பட்டறைச் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போகும். மற்றதெல்லாம் அசலின் குரலில்தான் நடந்தது.

* பெயரைக் கேட்காதீர்கள். அவருக்கு எங்களைத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

4

சேந்தமங்கலம் நோம்பிக் கச்சேரி முடிந்த மறுநாள் காலை, சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தோம். முப்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டையும் பச்சைத் துண்டுமாக ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். பெயர் மயில்சாமி என்றார். மூன்று மைல் தள்ளித் தோட்டத்திலேயே வீடு கட்டியிருக்கும் குடியானவர்.

"ஏனுங்க, நேத்துப் பாடுனவரு யாருங்க?"

தீர்த்தகிரி கையைத் தூக்கினார். மயில்சாமி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்.

அவருடைய அண்ணன் அர்த்தநாரி லாரி ஓட்டியவர். போன ஆடியில் வடக்கே லோடு கொண்டுபோன இடத்தில் வண்டியோடு எரிந்துபோனார். ஊருக்கு ஒன்றும் கொண்டுவர முடியவில்லை. அம்மா குஞ்சம்மாளுக்குச் சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய்விட்டது. இருதயமும் சரியில்லை. சொன்னால் தாங்க மாட்டார் என்று, அண்ணன் வடக்கேயே வேலையில் இருக்கிறான் என்று சொல்லி வைத்திருந்தார்கள். பத்து மாதமாகிவிட்டது.

"அண்ணனும் இந்தப் பாட்டுத்தானுங்க பாடும். அந்தப் பாடகராட்டமே பாடோணும்னு வெறி. நேத்து காத்து எங்கூட்டுப் பக்கமா அடிச்சுதுங்க. அம்மா எந்திரிச்சு உக்காந்துட்டாங்க. 'அர்த்தநாரி வந்துட்டான்டா. கோயல்ல பாடறான். ஊட்டுக்கு ஏன்டா வரலே?'ன்னு அழுகறாங்க. ஒரே ஒருக்கா வந்துட்டுப் போயிருங்க. நாலு வார்த்தை பேசுனாப் போதுமுங்க."

தீர்த்தகிரி முடியாது என்றார். "தப்புங்க அது. பெத்தவங்கள ஏமாத்தறது."

அப்போது ஒருவன் குறுக்கிட்டு, "ஒரு பாட்டுதானே, போயிட்டு வந்திருவோம்" என்றான்.

[அந்த ஒருவன் நான். முதலில் இதைச் சரவணமுத்து சொன்னதாக எழுதியிருந்தேன்.]

5

குஞ்சம்மாளை நம்புகிறீர்களா? எனக்கே சந்தேகம். கண் தெரியாத தாய் என்பது எழுதுகிறவனுக்கு ரொம்ப வசதியான ஏற்பாடு. அவருக்குப் பார்வை கொடுத்து ஒரு பிரதி எழுதிப் பார்த்தேன். பார்வை இருந்தால் கதை முதல் நாளே முடிந்துவிடுகிறது. நடந்ததை நடந்தபடி எழுதுவதைத் தவிர வழி இல்லை.

வெளித் தாழ்வாரத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பருத்த உடம்பு, காதில் தண்டட்டி. மயில்சாமியின் மனைவி ஆத்தாயி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். தீர்த்தகிரி பத்தடி தள்ளி நின்று, சொல்லிக்கொடுத்தபடி, "அம்மா" என்றார்.

"வந்தியா சாமி."

"ம்."

"தொண்ட கட்டியிருக்குது போல."

"லாரிப் புழுதிங்கம்மா" என்று மயில்சாமி முந்திக்கொண்டார்.

"செரி, அங்கயே உக்காரு. ஒண்ணு பாடு."

பாடினார். நான் அக்கார்டியனை வெறும் சுதிக்கு மட்டும் அழுத்திக்கொண்டிருந்தேன். குஞ்சம்மாள் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, எதையோ எண்ணுகிறவர் மாதிரி கேட்டார். மகனை அருகில் கூப்பிடவில்லை. தொட்டுப் பார்க்கக் கையை நீட்டவில்லை. அது எனக்கு வெகு நாளைக்குப் பிறகுதான் உறைத்தது.

ஒரே ஒருக்கா என்றது மாதம் ஒருக்கா ஆனது. முதல் தடவை தீர்த்தகிரி பணம் வாங்கவில்லை. இரண்டாம் தடவை மயில்சாமி அவர் சட்டைப் பையில் நூறு ரூபாயைச் செருகினார். அதை எடுத்துத் திருப்பிக் கொடுக்கத் தீர்த்தகிரியின் கை போனது, பாதியில் நின்றது. அந்த மாதம் இரண்டு பெண்களுக்கும் பள்ளிக்கூடச் சீருடை தைக்க வேண்டியிருந்தது.

6

அடுத்த தையில் மேச்சேரியில் ஒரு கல்யாண வரவேற்பு. பகல் கச்சேரி. பெண் வீட்டார் மயில்சாமிக்கு உறவு என்பதால் அவரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அசலின் பாட்டு ஒன்று 'வருவேன்' என்ற சொல்லில் முடியும். தீர்த்தகிரி அதை நூறு மேடையில் பாடியிருக்கிறார். அன்று கடைசிச் சொல்லை 'வாரேன்' என்று பாடினார்.

கூட்டம் சிரித்தது. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பேச்சு பாட்டில் வந்ததே என்று கைகூடத் தட்டினார்கள். மயில்சாமி மட்டும் எழுந்து பந்தலுக்கு வெளியே போய்விட்டார். நான் போய்ப் பார்த்தபோது வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இத யாரு அவருக்குச் சொன்னதுங்க?"

"எதை?"

"எங்கண்ணன் அப்படித்தானுங்க பாடும். அந்த ஒரு வார்த்த மட்டும் வாயில வராது. கூடச் சுத்தற சேத்தாளிக எல்லாம் கேலி பண்ணுவாங்க. செத்ததுக்கப்பறம் எங்கூட்டுல ஆரும் அந்தப் பேச்சே எடுத்ததில்லீங்க."

தீர்த்தகிரியிடம் கேட்டேன். தான் 'வருவேன்' என்றுதான் பாடியதாகச் சத்தியம் செய்தார். ஆத்தூர்ப் பக்கம் 'வரேன்' என்பார்களே தவிர, 'வாரேன்' அவர்கள் வாயில் கிடையாது.*

* இதற்கு விளக்கம் உண்டு. மாதாமாதம் அந்த வீட்டுக்குப் போனவர். கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்ளும் காது. மயில்சாமியும் ஆத்தாயியும் நிமிஷத்துக்கு நாலு 'வாரேன்' சொல்கிறவர்கள். விளக்கத்தை எழுதிவிட்டேன். எனக்கு அது உதவவில்லை.

ஏனென்றால் அடுத்த வாரம் நானும் அவரும் சூரமங்கலத்துக்கு டவுன் பஸ்ஸில் வந்தோம். நல்ல வெயில். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தொடைமேல் இருந்த இடது கை அசைந்துகொண்டே இருந்தது. முன்னே, பின்னே, பக்கவாட்டில், மறுபடி முன்னே. பஸ் டிரைவர் ஒவ்வொரு தடவை கியர் மாற்றுவதற்கும் ஒரு கணம் முன்னால் இந்தக் கை மாற்றிவிட்டிருந்தது. தீர்த்தகிரி வாழ்நாளில் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. நான் அந்தக் கைமேல் என் கையை வைத்தேன். அது நிற்கவில்லை.

7

1982 ஆவணி. நடுப்பகல். தோட்டத்தில் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. குஞ்சம்மாள் மயில்சாமியைக் கிணற்றடிக்கும் ஆத்தாயியை மோர் கொண்டுவரவும் அனுப்பினார். நான் இருப்பது அவருக்குத் தெரியும். என்னைப் போகச் சொல்லவில்லை.

"நீ ஆரு பெத்த புள்ளையோ சாமி" என்றார் மெதுவாக.

தீர்த்தகிரி எழுந்துவிட்டார்.

"என்ற மவன் செத்துட்டான்னு எனக்குத் தெரியும். கடிதாசி வந்த அன்னைக்கே ஊட்டுல அடுப்பு எரியலே. எனக்குக் கண்ணுதான் போச்சு. எனக்கோசரம் அவங்க மறைக்கறாங்க. அவங்களுக்கோசரம் நானும் தெரியாதவளாட்டம் கெடக்கறேன்."

"அம்மா, மன்னிச்சிருங்க. தப்புதான். இனிமே வரமாட்டேன்."

"நீ தப்பு ஒண்ணும் பண்ணலே. மொத நாளு நீ மட்டுந்தான் பாடுனே. மூணாம் மாசத்துலருந்து ரெண்டு பேர் மூச்சுக் கேக்குது. நீ பாடுனா அவன் வாரான். ஆனா நீ எந்திரிச்சுப் போறப்ப உன்னோடயே வந்தர்றான். அந்த சினிமாப் பாட்டுக்காரரு கொரல்லயே தொத்திக்கிட்டுப் போயர்றான்."

பிறகு கையை நீட்டினார். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது, அப்போதுதான் முதல் தடவையாக நீட்டினார். பிச்சை கேட்கிற கை மாதிரி, உள்ளங்கை மேலே பார்த்தபடி.

"இன்னைக்கு அவன இங்கயே உட்டுட்டுப் போயிரு சாமி."

தீர்த்தகிரி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் முதல் தடவையாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு 'வருவேன்' என்று முடியும் அந்தப் பாட்டையே பாடினார். முழுப் பாட்டு. நான் அக்கார்டியனைத் தொடவில்லை.

[அடுத்த வாக்கியத்தைப் பல தடவை அடித்துவிட்டு எழுதியிருக்கிறேன்.]

பாட்டு முடிந்து அவர் வாயை மூடிய பிறகும், குரல் கொஞ்ச நேரம் இருந்தது.

8

அதற்குப் பிறகு நாங்கள் அந்தத் தோட்டத்துக்குப் போகவில்லை. அசலும் வரவில்லை. சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில் ஒரு கச்சேரியில் தீர்த்தகிரி கண்ணை மூடி வாயைத் திறந்தார். மெலிந்த, கொஞ்சம் மூக்கடைத்த ஆத்தூர்க்காரர் குரல் ஒன்று வந்தது. சுருதி பிசகவில்லை. ஆனால் நோட்டீஸில் சொன்ன குரல் இல்லை. கூட்டம் கேலியாக விசிலடித்தது. சரவணமுத்து இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆள் பிடித்தார். டாக்டர் தொண்டைக்குள் விளக்கு அடித்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றார். மூத்த பெண் எட்டாம் வகுப்போடு நின்று ஜவ்வரிசி ஆலைக்குப் போனாள்.

இவ்வளவையும் எழுதிவிட்டு மாரக்காள் சொன்னதை விட்டால் நியாயமாகாது. ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: "இப்பதாங்க இவரு வீட்ல பாடறாரு. சின்னவளத் தூங்கவைக்கப் பாடறாரு. இத்தன வருசமா வேற யாரோடவோ குடித்தனம் பண்ண மாதிரி இருந்துச்சுங்க எனக்கு."

தீர்த்தகிரி சிரித்தார். வெட்கப்பட்ட மாதிரியும் இருந்தது.

9

குஞ்சம்மாள் இந்தப் பங்குனியில் இறந்தார். போன செவ்வாய்க்கிழமை மயில்சாமி சூரமங்கலம் வந்தார். தலைமுடி பாதி நரைத்திருந்தது. தீர்த்தகிரியின் வீட்டில் நானும் இருந்தேன்.

"அம்மா ரூம்புல மத்தியானமானாப் பாட்டுக் கேக்குமுங்க. ஆறு வருசமா அம்மாதான் முனகறாங்கன்னு நெனச்சிட்டிருந்தம். அம்மா போன பொறகும் நிக்கலீங்க." தண்ணீர் கொடுத்தோம். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "சாகறதுக்கு மின்னாடி அம்மா எல்லாத்தையும் சொல்லிப்போட்டுப் போயிட்டாங்க. ஆத்தாயி கொழந்தைகளக் கூட்டிட்டு அவங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டா. பூசாரியக் கூட்டியாந்து ஓட்டலாம்னாங்க. எங்கண்ணனுங்க அது. எப்படிங்க ஓட்டறது? நீங்க வந்து ஒருக்காப் பாடுங்க. உங்களோட வந்திரும். கேக்கறதுக்கு ஆளே இல்லாம அது தனியாப் பாடிட்டு இருக்குதுங்க."

மாரக்காள் அடுப்படியிலிருந்து வந்து, "வேண்டாங்க" என்று மட்டும் சொன்னார்.

தீர்த்தகிரி என்னைத் தெருமுனை வரை கூட்டிக்கொண்டு போய், "நீங்க கதை எழுதறவரு. இது எப்படி முடியும்?" என்று கேட்டார்.

10

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) போகிறார். குரல் திரும்பி வருகிறது. மறுபடி மேடை, மறுபடி கூட்டம், மூத்த பெண்ணின் கல்யாணம். ராத்திரி வீட்டில் அவர் பாடும்போது, பாயில் படுத்திருக்கும் மாரக்காள் எழுந்து...

(ஆ) போகவில்லை. தோட்டத்து வீட்டைப் பூட்டிவிட்டு மயில்சாமியும் போய்விடுகிறார். யாருமில்லாத அறையில் மத்தியானந்தோறும்...

(இ) போகிறார். பாடுகிறார். ஒன்றும் வரவில்லை. அங்கே எப்போதும் எதுவும் இருந்ததில்லை. இது ஆசிரியருக்குப் பிடிக்கும். நான் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தவன், என்னால் இதை எழுத முடியாது.

ஏழு வருடத்துக்கு முன் வேனுக்குப் பக்கத்தில் நின்று யோசிக்காமல் ஒரு வார்த்தை சொன்னேன். இரண்டாவது முறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தீர்த்தகிரி வந்துவிட்டார். துவைத்த வேட்டி. கையில் மஞ்சள் பை. சேந்தமங்கலம் பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி இருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றாமல், என் ஜன்னலைப் பார்த்தபடி நிற்கிறார். 'உள்ளே வாங்க' என்றால் உட்கார்ந்துவிடுவார். 'போயிட்டு வாங்க' என்றால் போய்விடுவார். இரண்டில் ஒன்றை நீங்கள் சொல்லுங்கள். நான் பேனாவை மூடுகிறேன்.