சத்தம் நிறைந்த கழிமுகம்

அடையாறு கடலில் சேரும் இடத்தில், உடைந்த பாலத்துக்கு இந்தப் பக்கம், விடியும் நேரத்தில் தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாது. சாந்தோமில் வேதியியல் டீச்சராக இருக்கும் லூயிசா, பள்ளிக்குப் போகுமுன் அங்கே போய் நிற்பாள். பார்த்த பறவைகளைப் பற்றி வீட்டுக்கு வந்து நாலு வரி எழுதுவாள். ஒரு பட்டனை அழுத்தினால் மென்பொருளே அதை இணையப் பக்கமாக்கிவிடும். தேதியைத் தொட்டால் அன்றைய குறிப்பு விரியும். நாலு வருஷமாக, யாரோ எங்கோ படிக்கிறார்கள் என்ற மிதப்பில் இருந்தாள்.

ஒருநாள் திருவல்லிக்கேணியிலிருந்து கைசர் ஜஹான் என்பவர் போன் செய்தார்.

"டீச்சர், எனக்குப் பார்வை கிடையாது. கம்ப்யூட்டர் படிச்சுக் காட்டும். உங்க பக்கத்துல தேதி மட்டும்தான் கேக்குது. பறவை ஒண்ணுகூட இல்லை."

"எனக்கு நல்லாத்தானே திறக்குது?"

"உள்ள ஒரு ஸ்கிரிப்ட் இருக்கு, குறிப்பை விரிச்சுக் காட்டுற சின்ன நிரல். அதுல உரிமம் எழுதலை. யார் வேணா படிக்கலாம், திருத்தலாம்னு எழுதாத ஸ்கிரிப்டை நான் ஓடவிடமாட்டேன்."

"ஏன் இவ்வளவு கண்டிப்பு?"

"முன்னாடி படிச்சுக் காட்ட வச்சிருந்த மென்பொருளோட கம்பெனிய மூடிட்டாங்க. வேற யாருக்கும் அதைத் திருத்த உரிமை இல்லை. மூணு மாசம் என் கம்ப்யூட்டர் ஊமையா கிடந்துச்சு."

லூயிசாவுக்குச் சுருக்கென்றது. அன்று மாலையே பக்கத்தை இணையத் தர விதிகளோடு ஒப்பிட்டுச் சோதித்தாள். அறுபத்திரண்டு பிழை. படம் ஒன்றுக்குக்கூட விளக்கம் இல்லை. ஸ்கிரிப்டில் யாரோ ஒருவரின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் மட்டும் இருந்தன. தானே ஓர் உரிம வரியைச் சேர்த்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. அடுத்தவர் எழுதியதற்குத் தான் கையெழுத்துப் போடுவதா? அந்த முகவரிக்கு எழுதிக் கேட்டாள். அஞ்சல் போய்ச் சேராமல் திரும்பி வந்தது.

மூன்று ஞாயிறு, பூசை முடிந்ததும் மேசையில் உட்கார்ந்தாள். குறிப்பை மடக்கவும் விரிக்கவும் தர விதியிலேயே ஒரு கட்டளைக் குறி இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஸ்கிரிப்டே வேண்டாம்! அதை எடுத்தெறிந்து, படங்களுக்கு விளக்கம் எழுதி, எல்லாப் பக்கத்தையும் புதிதாக ஏற்றினாள். பிழை, பூஜ்யம்.

"ரெண்டு நாளா அடையாத்துலயேதான் இருக்கேன், டீச்சர்," என்றார் கைசர் ஜஹான் போனில். "நேர்ல கூட்டிட்டுப் போறீங்களா?"

மறுநாள் காலை இருவரும் ஈர மணலில் நின்றார்கள். கைசர் ஜஹான் தலையைச் சாய்த்துக் காதுகொடுத்தார்.

"பல நாள் 'அமைதி, ஒன்றுமில்லை'ன்னு எழுதியிருக்கீங்களே," என்று சிரித்தார். "எவ்வளவு சத்தம் இங்க! இடதுபக்கம் ஆட்காட்டிக் குருவி, ரெண்டு இல்லை, மூணு. சேத்துல சின்னக் காலுங்க ஓடுது."

லூயிசா கண்ணை மூடினாள். முதலில் அலை மட்டும்தான். பிறகு அலைக்கு அடியிலிருந்து, நூல் பிரிவதுபோல, ஒவ்வொரு குரலாகப் பிரிந்து வந்தது. எவ்வளவு நேரம் நின்றாளோ, பள்ளி ஞாபகமே வரவில்லை.

அன்றைய குறிப்பைக் கைசர் ஜஹான் சொல்லச் சொல்ல லூயிசா போனில் எழுதினாள்.

"இதுக்கு என்ன உரிமம் போடட்டும்?"

"யார் வேணா எடுத்துக்கலாம், திருத்தலாம். நம்ம பேரை மட்டும் அழிக்கக் கூடாது."

லூயிசா அப்படியே எழுதி, கீழே இரண்டு பெயரையும் போட்டாள்.