ஒரு சிட்டிகைப் பொடி

சாயங்காலமானால் ரத்தினசாமிக்குக் காய்ச்சல் வந்தது. தின்ற சோறு வயிற்றில் நிற்கவில்லை. தொப்புளைச் சுற்றிப் பிடித்து முறுக்கியது. நெல் அறுப்பு முடிவதற்குள் ஆள் பாதியாகிவிட்டார். வயிறு மட்டும் உப்பி நின்றது. சொந்த ஊரான நல்லேப்பிள்ளியில் பார்த்த வைத்தியம் ஒன்றும் பலிக்கவில்லை.

கொல்லங்கோட்டிலிருந்து வந்த அவருடைய அக்கா ராசம்மாள், தம்பியைப் பார்த்ததும் சொல்லிவிட்டாள்.

"இது கைவிஷமுடா. சோத்துல யாரோ மருந்து வெச்சுப்போட்டாங்க."

யாரோ என்றபோது அவள் கண் தம்பி பெண்டாட்டி கமலாத்தாள் மேல் இருந்தது.

கமலாத்தாள் அடுக்களைக்குள் போய்விட்டாள். அவள் வைத்தது உண்மை. புருஷன் கள்ளுக்கடையே கதி என்று கிடந்தபோது, அகளி மலைப் பக்கமிருந்து வேர் விற்க வந்த ராக்கப்பன் ஒரு பொட்டலம் கொடுத்தான். குழம்பில் ஒரு சிட்டிகை போட்டால் குடி விட்டுப்போகும் என்றான். போட்டாள். குடி விட்டது, கூடவே சோறும் விட்டது.

அக்கா அப்படிச் சொன்ன நாளிலிருந்து ரத்தினசாமி அவள் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. அக்கா ஆக்கியதைச் சாப்பிட்டார். அதுவும் நிற்கவில்லை. ஒரு காலையில் பச்சைப் பச்சையாய் வாந்தி எடுத்து, வயிறு கல்லாகிவிட, வாடகைக் காரில் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நெஞ்சை எடுத்த எக்ஸ்ரேயில் கோளாறு இல்லை. வயிற்றை எடுத்ததில் குடல் அடைத்திருப்பது தெரிந்தது. ஆபரேஷன் செய்யும் டாக்டரம்மா ஞானஜோதி நாகர்கோவில்காரர்.

"புத்துநோயா இருக்கலாம், டிபியா இருக்கலாம். திறந்து பாத்தாத்தான் தெரியும்" என்றார்.

"தொறங்க" என்றாள் ராசம்மாள். "உள்ள என்ன கெடக்குதுன்னு எல்லாரும் பாக்கட்டும். அப்பறம் போலீசுக்குப் போறதை நான் பாத்துக்கறனுங்க."

குடலில் அந்தச் சாம்பல் நிறப் பொடி அப்பிக் கிடப்பது போலவே கமலாத்தாளுக்குத் தோன்றியது. சொன்னால் ஜெயில். சொல்லாமல் விட்டு அவர் போய்விட்டால்? ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டுபோன தம்பியின் கட்டிலோடு ராசம்மாள் நகர்ந்தபோது, இவள் ஓடிப்போய் டாக்டரின் கையைப் பிடித்தாள்.

"ஏனுங்கம்மா, நாந்தானுங்க குடுத்தேன். குடி நிக்கோணும்னு ஒரு பொடி. ஒரே தடவைங்க. சாகட்டும்னு குடுக்கலீங்க."

"காய்ச்சல் அதுக்கு முன்னாடியே இருந்துச்சா?"

எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. "தெரியலீங்களே..."

ஆபரேஷன் அறையின் கதவு மூடிக்கொண்டது.

மறுபடி திறந்தபோது டாக்டர் கையில் ஒரு கிண்ணம் இருந்தது. கமலாத்தாள் கண்ணை இறுக்கிக்கொண்டாள்.

"குடல் மேலெல்லாம் ரவை தூவின மாதிரி வெள்ளை வெள்ளையா இருக்கு. சுருங்கின இடத்த வெட்டித் தச்சிருக்கேன். டிபின்னுதான் தோணுது. ஆனா புத்துநோயிலயும் இப்படி வரும். இந்தத் துணுக்கு சோதனைக்குக் கோழிக்கோடு போகுது. பதில் வரட்டும்."

தூவின மாதிரி. அந்தச் சொல் அவளை விடவில்லை. பதில் வரும்வரை வராந்தாவிலேயே கிடந்தாள். காக்கிச் சட்டையில் யார் வந்தாலும் தூணுக்குப் பின்னால் போனாள். ராசம்மாள் அவளை வார்டுக்குள் விடவேயில்லை.

பதில் வந்த அன்று டாக்டர் அவளையும் உள்ளே கூப்பிட்டார்.

"வயித்து டிபிதான். கிருமியால வர்றது. ஊசி மாத்திரையை ஒன்றரை வருஷம் விடாம எடுத்தா பிழைச்சுக்குவார். நீ பயப்படாதம்மா, உன் பொடியால வந்ததில்ல."

"பொடியா?" என்றார் படுக்கையில் கிடந்த ரத்தினசாமி. "என்ன பொடி?"

கமலாத்தாள் சுவரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ராசம்மாள் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனாள்; போலீஸ் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. சாயங்காலம் கமலாத்தாள் கஞ்சியை நீட்டியபோது ரத்தினசாமி, "மொதல்ல நீ ஒரு வாய் குடி" என்றார். குடித்தாள். பிறகுதான் அவர் வாங்கினார்.

ஊருக்குத் திரும்பியும் வேளைக்கு வேளை அதே கதை. காய்ச்சல் நின்றது, உடம்பில் சதை பிடித்தது. ஆனாலும் ஒவ்வொரு வாய் ருசி பார்க்கும்போதும் கமலாத்தாள் பயந்துகொண்டே அவர் முகத்தைப் பார்ப்பாள்.

நாற்று நடவு நடந்த ஒரு மத்தியானம் வயலிலிருந்து நல்ல பசியோடு வந்தவர், அவள் ருசி பார்க்கக் கை நீட்டுவதற்குள் சோற்றைப் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டார். மறந்துதான் போட்டிருக்க வேண்டும். அவர் இலையை மடிக்கும்வரை கமலாத்தாள் மூச்சுக் காட்டாமல் நின்றாள்.