இறக்கையில் ஏறும் சொந்தக்காரர்கள்

வெயிலுகந்தபட்டியில் சிறிய விமானம் ஓட்டுகிற எல்லோருக்கும் வானத்தில் சொந்தக்காரர்கள் உண்டு. மேற்கு மலைக்கு மேலே நிற்கும் மேகத்துக்குள் அவர்கள் பனிக்கட்டியாக இருக்கிறார்கள். செத்துப்போனவர்கள் இல்லை. கீழே வெயில் தாங்காமல் மேலே குடிபோனவர்கள். விமானம் யாருடையது என்று அவர்கள் பார்ப்பதில்லை, ஓட்டுகிறவர் யார் என்று பார்ப்பார்கள். தங்கள் வீட்டு ஆள் என்று தெரிந்தால் போதும், வந்து இறக்கையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். அந்நியர் விமானத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். இந்த விஷயத்தில் மட்டும், கீழே இருந்தபோது இருந்ததைவிட இப்போது ஒழுங்கு.

அவர்கள் ஏறுவதில் யாருக்கும் வருத்தமில்லை. உட்காருகிற இடம்தான் வம்பு. இறக்கையின் முன்விளிம்பு வழவழவென்று இருந்தால்தான் காற்று ஒழுங்காக வழுக்கிப் போகும், விமானமும் மேலே நிற்கும். அந்த விளிம்பைத் தேடிப் பிடித்து, பெரியப்பா ஒருவர் கரடுமுரடாக அமர்ந்துவிட்டால் விமானம் தள்ளாட ஆரம்பித்துவிடும். உள்ளூர் விமானங்கள் பலவும் மலையைத் தாண்டாமலே திரும்பி வருவது இதனால்தான்.

பம்புசெட் கடை வைத்திருக்கும் பொன்னுலிங்கமும் அப்படித் திரும்பி வந்தவர்தான். ஒரு முறை இரண்டு முறை இல்லை. அவருடைய ஒரே தங்கை வடிவை மலைக்கு அந்தப் பக்கம் மேலக்குறிச்சியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மலைக்குப் பாதை கிடையாது. பாதை போடுகிறேன் என்று சொன்னவர்களும் மேலே குடிபோய்விட்டார்கள். வடிவின் மகள் தாமரைக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். குழந்தைக்குப் பல் முளைத்த வருஷம் பொன்னுலிங்கம் கிளம்பினார். இறக்கையில் சித்தப்பாக்கள் ஏறினார்கள், திரும்பினார். அடுத்த வருஷம் கிளம்பினார், பெரியம்மா ஏறினாள், திரும்பினார். மாமன் மடிக்குக் காத்திருந்து காத்திருந்து பிள்ளை இப்போது கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். காது இன்னும் மூளியாகத்தான் இருக்கிறது. அவள் தம்பிக்கும் அப்படித்தான்.

இந்த முறை வடிவு போனில் அழவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

“அண்ணே, வர்ற வெள்ளிக்கெழமை ஆசாரி வாராரு. நீ வந்து சேரலேன்னா அவுக பக்கத்து ஆளு ஒருத்தரு மடியில உக்கார வச்சிருவோம்னு சொல்லுதாக. அப்பறம் எனக்குப் பொறந்த வீடு இருக்குன்னு நான் எந்த மொகத்த வச்சிச் சொல்லுவேன்?”

“இந்தத் தடவ வாரேம்மா” என்றார் பொன்னுலிங்கம்.

“எல்லாத் தடவையும் இதத்தான் சொல்லுத” என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

பொன்னுலிங்கம் அன்றைக்கே கடையைப் பூட்டினார். பனி ஏறாமல் தடுக்க ஊரில் என்னென்ன ஏற்பாடுகள் இருக்கின்றனவோ அத்தனையையும் தானே ஓட்டிப் பார்த்து, எது தேவலை என்று முடிவு கட்டாமல் ஓய்வதில்லை என்று கிளம்பினார்.

முதலில் எதிர்வீட்டு ஆறுமுகநயினாரின் விமானம். அதன் இறக்கை விளிம்பு முழுக்கக் கறுப்பு ரப்பர் பட்டை. பித்தானை அழுத்தினால் ரப்பருக்குள் காற்று நிறைந்து தொந்தி போல உப்பும், மேலே இருக்கிற பனி நொறுங்கி உதிரும். “அவசரப்படக் கூடாது வே. நல்லா சம்மணம் போட்டு உக்கார விடணும். அப்பறம் ஒரே உதறு” என்று ஆறுமுகநயினார் சொல்லிக்கொடுத்தார். பொன்னுலிங்கம் அப்படியே செய்தார். இறக்கையில் மூன்று சித்தப்பாக்கள் வந்து, கால் நீட்டி, ஊர்க்கதை பேசுகிற தோரணையில் சாய்ந்த பிறகு பித்தானை அழுத்தினார். மூவரும் தெறித்து விழுந்தார்கள். இறக்கை பளிச்சென்று ஆனது உண்மைதான். ஆனால் நடுச்சித்தப்பா விழுந்தது அவருடைய மகன் வீட்டு ஓட்டின் மேல். மகன் வந்து வாசலில் நின்றுகொண்டு, எங்கப்பாவை இப்படியா உதறுவது என்று ஊர் கூடும்படி கேட்டான். போதாததற்கு, சித்தப்பாவின் ஒரு முழங்கை உதிராமல் ரப்பரின் ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுத்து மகனிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்தது ஜவுளிக்கடைக்காரரின் விமானம். அதன் விளிம்பில் ரப்பர் இல்லை, சூடாகிற தகடு. மேகத்துக்குள் போகும்போதே சூட்டைப் போட்டுவிட வேண்டும். பெரியம்மா வந்தாள், உட்கார்ந்தாள், அடுப்பில் உட்கார்ந்ததுபோல் துள்ளினாள், உருகி ஓடினாள். பொன்னுலிங்கம் அப்பாடா என்று மூச்சு விட்டார். திரும்பிப் பார்த்தால் பெரியம்மா எங்கும் போகவில்லை. தண்ணீராகப் பின்னால் ஓடி, தகடு முடிகிற இடத்தில், சூடு எட்டாத இறக்கையின் நடுப்பகுதியில் மறுபடியும் உறைந்து அமர்ந்திருந்தாள். கல்யாண வீட்டில் முன்வரிசையிலிருந்து எழுப்பினால் பின்வரிசைக்குப் போகிற பெண்மணிதான் அவள். எழுப்பியதற்காக முகத்தை வேறு தூக்கி வைத்திருந்தாள். தகட்டுக்குச் சூடு கொடுத்துக் கொடுத்து இஞ்சினும் களைத்துப்போயிருந்தது.

மூன்றாவது ஏற்பாடு விமானப் பட்டறை வைத்திருக்கும் செல்லக்கனியிடம் இருந்தது. இறக்கை விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பொடித் துளைகள் போட்ட தகடு. உள்ளிருந்து வழுக்குகிற மருந்து ஒன்று கசிந்துகொண்டே இருக்கும். உட்கார வருகிறவர்களுக்குப் பிடிமானம் கிடைக்காது. அடிபடவும் மாட்டார்கள், சுடவும் செய்யாது. இங்கே வசதிப்படாது என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். இதைவிட மரியாதையாக ஒருவரை அனுப்ப முடியாது. பொன்னுலிங்கத்துக்கு மனசுக்குப் பிடித்துவிட்டது.

“ரெண்டு விசயம் அண்ணாச்சி. அவுக வாரதுக்கு முன்னாலயே தொறந்து விட்ரணும். வந்து உக்காந்த பெறகு தொறந்தா பிரயோசனமில்ல. அப்பறம், டப்பா காலியாச்சுன்னா கதை முடிஞ்சிரும்” என்றாள் செல்லக்கனி.

அவளே அதை அவருடைய விமானத்தில் பொருத்தினாள். இருவருமாக மேலே போய்ப் பார்த்தார்கள். மருந்து அழகாகக் கசிந்தது. சித்தப்பாக்கள் வந்து வழுக்கிப் போனார்கள். பெரியம்மா வழுக்கிப் போனாள். அப்புறம் வள்ளியூர்ச் சித்தி வந்தாள். ஜன்னலுக்கு நேராக அவள் வரவும் பொன்னுலிங்கத்தின் வாய் தானாகவே, “வாங்க சித்தி” என்றது.

அழைத்த பிறகு உட்காராமல் போனால் சித்திக்கு மரியாதை இல்லை. மருந்து, துளை, வழுக்கல் எதையும் பொருட்படுத்தாமல் அவள் நன்றாக அமர்ந்தாள். விமானம் கோணிக்கொண்டு கீழே வந்தது.

“கோளாறு றெக்கையில இல்ல அண்ணாச்சி, ஒங்க வாயில இருக்கு” என்றாள் செல்லக்கனி, சக்கரத்தில் சிக்கிய வேலியைப் பிடுங்கிக்கொண்டே.

அவர் மறுக்கவில்லை. வாசலில் நிழல் தட்டினாலே வாங்க என்று சொல்லிப் பழகிய வாய். ரப்பராகட்டும், சூடாகட்டும், மருந்தாகட்டும், வாங்க என்று சொல்லிவிட்டால் எல்லாம் ஒன்றுதான். இத்தனை வருஷமும் தங்கையின் வீட்டு விசேஷத்தைக் கெடுத்தது தன்னுடைய நாக்குதான் என்று தெரிந்தபோது அவருக்கு அவமானமாக இருந்தது. அந்த அவமானத்தோடு சேர்ந்து வைராக்கியமும் வந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பொன்னுலிங்கம் புறப்பட்டார். பக்கத்து இருக்கையில் சீர்த்தட்டுகள்: பச்சரிசி, வெல்லம், வாழைப்பழம், பட்டுப்பாவாடை, தோடு. வாய் திறக்காமலிருக்க, செல்லக்கனி சொன்னபடி கன்னம் புடைக்க வெற்றிலையை அடக்கிக்கொண்டார். தலையசைத்தாலும் அழைத்ததாகத்தான் கணக்கு என்பதால், கழுத்து அசையாதபடி துண்டை இறுகச் சுற்றிக்கொண்டார். கை இரண்டும் விமானத்தைப் பிடித்திருந்தன, ஆகவே கும்பிடவும் வழியில்லை. மேகத்தின் விளிம்பு தெரிந்ததுமே மருந்தைத் திறந்துவிட்டார்.

சித்தப்பாக்கள் வந்தார்கள். அவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா வந்தாள், நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். வள்ளியூர்ச் சித்தி ஜன்னலுக்குப் பக்கத்திலேயே வெகுநேரம் வந்தாள். அவருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. சித்தி வழுக்கிப் போனாள். ஒவ்வொருவராக எல்லோரும் போனார்கள். விமானம் இதுவரை அவர் வந்திராத உயரத்துக்கு வந்துவிட்டது. மலையின் கணவாய் எதிரே தெரிந்தது.

அந்த உயரத்தில்தான் சுடலைமுத்து மாமா குடியிருந்தார். அம்மாவின் அண்ணன். பொன்னுலிங்கத்துக்கும் வடிவுக்கும் காது குத்தியது அவர் மடியில்தான். மற்றவர்கள் வெள்ளையாகச் சொரசொரவென்று வந்தார்கள் என்றால், மாமா கண்ணாடி போலத் தெளிவாக வந்தார். அதுதான் கனம் கூடிய பனி. இறக்கைப் பக்கமே போகாமல் முன்கண்ணாடியில் விரிந்து நின்றார். எதிரே இருந்த மலை மறைந்துபோனது. அதே நேரம் மருந்து டப்பாவும் காலியானது. வழுக்கிப் போன சித்தப்பாக்கள் எல்லாம் திரும்பி இறக்கையை நோக்கி வர ஆரம்பித்தார்கள்.

பொன்னுலிங்கம் யோசித்தார். தாய்மாமனை வா என்று சொல்லாமல் ஒரு காதுகுத்துக்குப் போனால் அது காதுகுத்தே இல்லை. அவரை அழைத்தால் விமானம் போகாது. அழைக்காமல் போனால், போய்ச் சேர்வதற்கு முகம் இருக்காது. இரண்டையும் அவர் ஏற்றுக்கொள்வதாக இல்லை. இன்றைக்கு மேலக்குறிச்சி போயே தீர வேண்டும், முறையோடும் போக வேண்டும். வெற்றிலையை மொத்தமாக விழுங்கினார். பக்கவாட்டுக் கதவைத் தள்ளித் திறந்தார்.

“வாங்க மாமா. அங்க நிக்காதீங்க, உள்ள வந்து உக்காருங்க.”

மாமா முன்கண்ணாடியிலிருந்து நகர்ந்து, கதவு வழியாகக் குனிந்து உள்ளே வந்தார். பக்கத்து இருக்கையில் சீர்த்தட்டு இருந்தது. சீர்த்தட்டைத் தரையில் வைக்கக் கூடாது. அதனால் பொன்னுலிங்கத்தின் மடியில் உட்கார்ந்தார். குளிர் தொடையில் தொடங்கி எலும்புவரை இறங்கியது. மாமா உள்ளே அமர்ந்திருக்கும்போது வெளியே இறக்கையில் தொற்றிக்கொண்டு வருவது சபைக்கு அழகில்லை என்று சித்தப்பாக்கள் நின்றுவிட்டார்கள். விமானம் கணவாயைத் தாண்டியது.

மேலக்குறிச்சியில் கோயில் முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். வேறு யாரோ ஒருவர் பலகையில் சம்மணம் போட்டு அமர்ந்து, மடியைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார். விமானத்தின் சத்தம் கேட்டதும் அவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு நகர்ந்தார். வடிவு ஓடி வந்தாள். அண்ணனைப் பார்த்தாள், அவர் மடியில் மாமாவைப் பார்த்தாள். “வந்துட்டியாண்ணே” என்று சொல்லி, அண்ணனின் தோளில் முகத்தை வைத்து, போனில் அழாத அழுகையை எல்லாம் அழுதாள்.

பொன்னுலிங்கத்தால் எழ முடியவில்லை. மடி உறைந்துவிட்டிருந்தது. நான்கு பேர் இருக்கையோடு தூக்கிக்கொண்டு போய்ப் பலகையில் வைத்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. மாமா உருகவில்லை. கீழே இருந்த காலத்திலும் எந்த விசேஷத்திலும் கடைசியாக எழுகிறவர் அவர்தான். மாமா மேலேயே பிள்ளையை உட்கார வைக்கலாமா என்று யாரோ ஆசாரியிடம் கேட்டார்கள். அடியில் தாய்மாமன் மடி இருந்தால் போதும் என்றார் ஆசாரி. தாமரை பாடப்புத்தகத்தை மூடித் தோழியிடம் கொடுத்துவிட்டு, பட்டுப்பாவாடையோடு வந்து உட்கார்ந்தாள். ஆசாரி ஒரு காதைக் குத்தினார், மறு காதையும் குத்தினார். பொன்னுலிங்கம் தன் கையாலேயே தோட்டை மாட்டிவிட்டார்.

சாப்பாடு முடிந்ததும் அவர் இரண்டு கையையும் ஊன்றி எழுந்தார். எழுந்தவர் அவர் மட்டும்தான். மடி இருக்கையிலேயே, மாமாவைத் தாங்கிக்கொண்டு, இருந்தது.

“அது இருக்கட்டும்ணே. சின்னவனுக்கு இன்னும் குத்தலல்லா” என்று வடிவு அதைத் தூக்கி வீட்டுக்குள் கொண்டுபோய், பூஜை அறைக்குப் பக்கத்தில் வைத்து, மேலே ஒரு ஈரத்துணியைப் போர்த்தினாள்.

பொன்னுலிங்கம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினார். மடி இல்லாமல் உட்கார முடியாது. திரும்பும் வழி முழுக்க நின்றுகொண்டே ஓட்டினார்.