வலை போட்ட அறை

அந்த வீட்டில் ஜன்னலுக்கு வலை போட்ட அறை ஒன்றுதான். வேலை பார்க்கும் தையல்கடையில் மிச்சம் விழுந்த வலைத்துணியைக் கேட்டு வாங்கி, அளவெடுத்து, ஓரத்துக்கு நாடா கொடுத்து அவளே தைத்துப் போட்டது.

"என்ன, வீட்டுக்குள்ளயே மீன் பிடிக்கப் போறியா?" என்று புருஷன் சிரித்தான்.

சிரிக்கட்டும். கொசு கடித்தால் மற்ற பிள்ளைகளுக்குச் சின்னத் தடிப்பு. அவளுடைய நாலு வயது மகளுக்குக் கை முழுக்க வீங்கி, காய்ச்சல் கொதிக்கும். "நிறைய கடிச்சா மூச்சுக்கே ஆபத்தும்மா. யோசிக்காம தூக்கிட்டு வந்துடுங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டார் குழந்தைக்கு வைத்த பட்டப்பெயர் பலூன். சொந்த ரத்தத்தைக் கேலி செய்ய ஊரார் எதற்கு?

அன்று சாயங்காலம் புருஷனின் தங்கையைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். கடையிலிருந்து ஓடிவந்தவள் செருப்பைக் கழற்றும் முன்பே, பெரிய நாத்தனார் அவள் கையில் டீத்தட்டைத் திணித்தாள்.

"பாப்பா எங்கே?"

"தூங்குறாடி. முதல்ல டீயைக் கொண்டுபோ."

கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்களுக்கு வேற ஒண்ணும் வேண்டாங்க. நோய்நொடி இல்லாத குடும்பமா இருந்தா போதும்."

"எங்க பரம்பரையில தலைவலின்னு படுத்த ஆளே கிடையாது" என்றான் புருஷன், நாக்குக் கூசாமல்.

அவளுக்குச் சுருக்கென்றது. தட்டை வைத்துவிட்டு வலை போட்ட அறைக்குப் போனாள். உள்ளே தாழ்ப்பாள்.

"இருங்க அண்ணி, தலை வாரிட்டிருக்கேன்" என்றாள் மணப்பெண்.

"பாப்பா உள்ள இருக்காளா?"

"இல்லையே. அண்ணன் அவளைப் பின்னாடி உட்கார வச்சிருக்கு."

பின்னாடி என்றால் துணி துவைக்கிற இடம். மூடியில்லாத தண்ணீர் டிரம். பக்கத்தில் கவிழ்த்த வாளியின்மேல் குழந்தை. அவள் தைத்துக் கொடுத்த முழுக்கைச் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. குளிப்பாட்டியவர்கள் கையில்லாத கவுனை மாட்டிவிட்டிருந்தார்கள். ஒரு கண் மூடிப்போயிருந்தது. உதடு தடித்துத் தொங்கியது.

"அம்மா, நான் சத்தமே போடல. அப்பா பொம்மை வாங்கித் தருவாரு."

எப்போதும் பையில் வைத்திருக்கும் மருந்தை வாயில் ஊற்றினாள். பாதி கடைவாயில் வழிந்தது. வாரியெடுத்துத் தோளில் போட்டபோது புருஷன் வந்து நின்றான்.

"பின்வாசல் வழியா போ. மானத்தை வாங்காத."

"பின்சந்து வழியா சுத்திக்கிட்டுப் போற வரைக்கும் இவ மூச்சு காத்திருக்குமா? தள்ளு."

கூடத்தின் நடுவே நடந்தாள். மாப்பிள்ளையின் அம்மா கால்களை உள்ளே இழுத்துக்கொண்டாள். "ஐயையோ, யாருங்க இது? குழந்தைக்கு என்ன?"

பின்னாலேயே ஓடிவந்த புருஷன் பல்லைக் காட்டினான். "வேலைக்காரிங்க. அவ குழந்தை. பாவம், ஏதோ வியாதி."

அவள் வாசற்படியில் நின்றாள்.

"ஆமாங்க, வேலைக்காரிதான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சம்பளமே கிடையாது. இன்னியோட நின்னுட்டேன்."

தோளுக்குமேலே, திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் குழந்தை அவனைத் தேடியது.

"அப்பா, நான் சத்தம் போடலப்பா. பொம்மை?"

அவன் முகம் எப்படிப் போனது என்று திரும்பிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. காதோரம் குழந்தையின் மூச்சு விசிலடித்துக்கொண்டிருந்தது. தெருவில் இறங்கி, வந்த முதல் வண்டியைக் கைகாட்டி நிறுத்தினாள்.