கிலோவுக்குப் பத்தொன்பது

ஒரு டப்பா மீனால் உலகத்துக்கு எவ்வளவு கேடு என்று கணக்குப் போடுவது என் வேலை. சிரிக்க வேண்டாம். இதற்கென்று ஓர் அலுவலகம் இருக்கிறது, அதில் பதினோரு பேர் இருக்கிறோம், கழிப்பறைச் சாவிக்குக்கூடப் பதிவேடு வைத்திருக்கிறோம். படகு குடித்த டீசல், பெட்டியில் கொட்டிய ஐஸ், மீனை வேகவைத்த நீராவி, டப்பாவின் தகரம், அட்டைப்பெட்டி, லாரி, வாங்கியவர் தூக்கிப் போடும் காலி டப்பா வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் அட்டவணையில் ஒரு வரி உண்டு. மீனுக்கு மட்டும் வரி கிடையாது. கடலிலிருந்து ஒரு கிலோ எடுத்தால் கடலுக்கு என்ன குறைந்தது என்று கேட்க எங்கள் கணக்கில் இடமே இல்லை. அள்ள அள்ளக் குறையாது என்று நினைத்த யாரோ ஒரு மகராசன் போட்டுவைத்த அட்டவணை.

அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. மூன்று வருடங்களுக்கு முன்னால் இதே டப்பா மீன் கம்பெனிக்கு அறிக்கை எழுதியவள் நான்தான். படகுகள் மீனைத் தேடி அலைவதில்தான் டீசல் வீணாகிறது, எல்லாப் படகுக்கும் மீன் தேடும் கருவி மாட்டுங்கள் என்று எழுதினேன். மாட்டினார்கள். ஒரு கிலோ மீனுக்கான டீசல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. டப்பாவின் மேல் ஒட்டப் பச்சை முத்திரை கிடைத்தது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் வெட்கமில்லாமல் எழுந்து நின்று வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கம்பெனிக்கு மீன் பிடித்துக் கொடுக்கும் நாற்பது படகுகளில் ஒன்றை ஓட்டுபவன் என் அண்ணன்.

இந்த வருடம் முத்திரையைப் புதுப்பிக்க வேண்டும். விட்டுப்போன வரியைச் சேர்த்தே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றேன். அதற்கு முறை இருக்கிறது. மீனை அதன் போக்கில் விட்டால் எவ்வளவு பெருகும், இன்று பிடிக்கிற ஒரு கிலோ, வரப்போகிற வருடங்களின் எத்தனை கிலோவை இல்லாமல் செய்கிறது என்று கணிக்கலாம். ஆனால் மீனின் அளவு தெரிய வேண்டும். கம்பெனியின் தாள்களில் வெறும் எடைதான் இருந்தது. தராசுக்குக் குஞ்சும் ஒன்றுதான், தாயும் ஒன்றுதான்.

அளவு அண்ணனிடம் இருந்தது. கரைக்கு வந்ததும் ஒரு கிலோ நிறுத்து, அதில் எத்தனை மீன் என்று எண்ணி, ஒரு சின்ன நோட்டில் குறித்துவைப்பது அவன் பழக்கம். யாரும் கேட்டு எழுதியதில்லை. மற்ற படகுக்காரர்கள் அவனை ‘வாத்தியார்’ என்று கிண்டல் செய்வார்கள். நான் கேட்டதும் நோட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டான்.

“எதுக்குன்னு கேக்க மாட்டியா?”

“நீ கேட்டா நான் என்னத்தக் கேக்கறது?”

கருவி மாட்டிய வருடம் கிலோவுக்கு ஏழு மீன். அடுத்த வருடம் பதினொன்று. இப்போது பத்தொன்பது. இந்த மீன் முதல் தடவை முட்டையிடும் வயதில் கிலோவுக்குப் பத்து நிற்கும். அப்படியானால் பத்தொன்பது என்பது ஒரு தடவைகூட முட்டையிடாத குஞ்சு. எல்லாவற்றையும் கணக்கில் போட்டேன். இப்படியே போனால் ஆறு வருடம். ஏழாவது வருடம் போய்வரும் டீசலுக்குக்கூட மீன் கிடைக்காது. மீன் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கச் சொன்னது நானல்லவா.

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சராசரி. எந்தச் சண்டையையும் கூட்டி, இரண்டால் வகுத்து முடித்துவிடுவார். நல்ல மனிதர். அதனால்தான் அவர்மேல் இன்னும் கோபம் வரும். காலையில் என் வரியை இரண்டு முறை படித்தார்.

“கணக்கு சரியாத்தாம்மா இருக்கு. எங்கேருந்து வந்துது?”

“ஒரு படகுலேருந்து.”

“எந்தப் படகு?”

நான் ஜன்னலைப் பார்த்தேன். ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் அது வந்த படகின் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. தணிக்கைக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் தேடுவார்கள்.

“நம்பர் இல்லாம இந்த வரி நிக்காது. இன்னொண்ணு கவனிச்சீங்களா? கிலோவுக்குப் பத்தொம்பதுன்னா, அனுமதிச்ச வலையில அந்த மீன் தங்காதே. கண்ணு வழியா நழுவிடும்.”

நான் கவனிக்கவில்லை. தசமப் புள்ளிக்குப் பிறகு நாலு இலக்கம் பார்த்தவள், இதைப் பார்க்கவில்லை.

“நம்பர் போட்டா அந்தப் படகைக் கம்பெனி நீக்கிடும். போட மனசில்லன்னா வரிய எடுத்துடுங்க. நாலு மணிக்கு அனுப்பியாகணும்,” என்றார்.

சேர்த்தால் அண்ணன் போவான். எடுத்தால் மீன் போகும், கொஞ்சம் தாமதமாக அண்ணனும் போவான். இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் வாக்கியம் அமைத்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். எறும்பின் பக்கமிருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மதியம் பஸ் பிடித்துத் துறைமுகத்துக்குப் போனேன். அண்ணன் படகுத் தளத்தில் உட்கார்ந்து வலையில் கிழிந்த இடத்தைப் பின்னிக்கொண்டிருந்தான். வலைக்கண்ணில் விரலை விட்டுப் பார்த்தேன். ஒன்றுக்கு மேல் நுழையவில்லை.

“இது என்ன வலை?”

“எல்லாரும் போடற வலை.” அவன் நிமிரவில்லை. “பெரிய மீன அந்தக் கருவி ஒரே வருஷத்துல காட்டிக் குடுத்துடுச்சு. மிச்சம் இருக்கறது இதுதான். பழைய வலைய நான் மட்டும் போட்டா எனக்குத் தண்ணிதான் வரும். நான் விடற குஞ்ச பக்கத்துப் படகு அள்ளிட்டுப் போயிடும்.”

“எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல.”

“அதான் நோட்டக் குடுத்தேனே.”

சுரீர் என்றது. அவன் சொல்லித்தான் இருக்கிறான், நான்தான் அதை வெறும் தரவு என்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

வரியைப் பற்றியும் படகு எண்ணைப் பற்றியும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பின்னிய இடத்தில் நூலை அறுத்தான்.

“நீ எழுதினா எல்லாரையும் நிறுத்துவாங்களா? ஒரு ரெண்டு வருஷம் எல்லாப் படகும் சேந்து நின்னா மீன் வந்துடும்.”

“நிறுத்தணும்,” என்றேன். நிறுத்துவார்கள் என்று சொல்லவில்லை. அவன் அப்படித்தான் எடுத்துக்கொண்டான் என்று தெரிந்தும் திருத்தாமல் இருந்தேன்.

“அப்ப எழுது.”

“உன் நம்பர் போகும்ணா.”

“நானா நிறுத்த முடியாது. எவனாலயும் முடியாது. யாராவது நிறுத்தினா நின்னுடுவோம். நீ எழுது.”

அலுவலகம் திரும்பி, நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவன் படகின் எண்ணைத் தட்டினேன். இரண்டு தடவை தப்பாக விழுந்தது.

ஒன்பதாம் நாள் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. சுட்டிக்காட்டியதற்கு நன்றி. விதியை மீறிய படகு நேற்றோடு நீக்கப்பட்டது. இனி முப்பத்தொன்பது படகுகளிலிருந்து மட்டுமே மீன் வாங்கப்படும் என்பதால், நீக்கிய படகின் தரவுகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு அறிக்கையைத் திருத்தித் தரவும்.

சராசரி அந்த எண்களை எடுத்துவிட்டார். அந்த வரிக்கு வேறு ஆதாரம் கிடையாது. ஆதாரமில்லாத வரி அட்டவணையில் இருக்கக் கூடாது என்று அதற்கும் ஒரு விதி. வரியே போயிற்று. டப்பாவின் மொத்தக் கேடு போன தடவையைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தது.

“மத்த முப்பத்தொம்பது படகும் அதே வலைதான் சார் போடுது,” என்றேன். என் சத்தத்தில் பக்கத்து அறைக் கதவு திறந்து மூடியது.

“இருக்கும்மா. அவங்க யாராவது எண்ணி எழுதிருக்காங்களா?”

எண்ணியவன் ஒருத்தன்தான். அவனைத்தான் நாங்கள் நீக்கியிருக்கிறோம்.

நான் கையெழுத்துப் போட வேண்டிய கடைசிப் பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். “நீங்க போடலன்னா வேற யாராவது போடணும்,” என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. கணக்கைத்தான் சொன்னார். அடுத்த மேசைப் பெண் எங்களைப் பார்க்காத மாதிரி விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் வரவேற்பிலிருந்து கூப்பிட்டார்கள், அண்ணன் வந்திருப்பதாக. இத்தனை வருடத்தில் அவன் என் அலுவலகத்துக்கு வந்ததே இல்லை. இஸ்திரி போட்ட சட்டையில், மெத்தை அழுக்காகிவிடுமோ என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்தான்.

“லெட்டர் வந்துது. படகக் கட்டிட்டேன்.” முகத்தில் கோபம் கொஞ்சமும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. “பரவால்ல, ரெண்டு வருஷந்தானே, எப்படியாவது ஓட்டிடலாம்னு உங்க அண்ணிகூட சொல்லிட்டா. ஆனா காலைல பாத்தேன், மத்த படகெல்லாம் கெளம்பிப் போகுது. அவங்களுக்கு இன்னும் லெட்டர் போகல போல. எப்பப் போகும்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

“போகாதுண்ணா. உன்னை மட்டுந்தான்.”

வரவேற்புப் பெண்ணைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

“அப்ப நான் நின்னது எதுக்கு?”

பதில் எனக்குத் தெரியும். டப்பாவில் பச்சை முத்திரை ஒட்டுவதற்கு.