கண்ணாடித் தட்டில் நின்றது

நனைத்த பஞ்சால் தம்பியின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அக்காவின் கைபேசி அதிர்ந்தது. ஆய்வகத் தோழி ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஒரு மரபணுவை முடக்காமல் விட்ட புற்றுச்செல்கள் சவ்வைத் துளைத்து மறுபக்கம் மொய்த்துக் கிடந்தன. முடக்கியவற்றில் விரல்விட்டு எண்ணுமளவுக்கே தாண்டியிருந்தன. ‘வளர்ச்சியும் பாதியாகிவிட்டது. இந்த முறையும் அதே முடிவு’ என்று கீழே எழுதியிருந்தாள்.

அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

தம்பி கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். போன வருடம் அவன் முகம் உருண்டு கன்னம் சிவந்தபோது அம்மா பூரித்துப்போனாள். “இப்பதான் என் புள்ள உடம்புல கொஞ்சம் சதை ஒட்டியிருக்கு” என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாள். அது சதை அல்ல. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் முளைத்த புற்று, ஹார்மோனைக் கட்டுமீறிச் சுரந்ததால் வந்த வீக்கம். தெரியவந்தபோது நுரையீரலுக்கும் ஈரலுக்கும் பரவியிருந்தது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனை அனுப்பிவிட்டது. அதே புற்றைத்தான் அக்கா பல வருடங்களாக ஆய்வகத் தட்டுகளில் வளர்த்துவந்தாள்.

“என்னக்கா, போன்ல நல்ல சேதியா?” கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

“ஒண்ணுமில்லடா.”

“உனக்குப் பொய் சொல்ல வராது. சொல்லு.”

“அந்த மரபணுவ அடக்கிட்டோம். செல்லு நகர மாட்டேங்குது.”

“ஆக, அதோட வாய மூடிட்ட.” மூச்சிரைக்கச் சிரித்தான். “நம்ம அம்மா வாயத்தான் யாராலயும் மூட முடியல.”

அம்மா அறை வாசலில் நின்றிருந்தாள். மகளின் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள்.

“வேலை செய்யுதுங்கறியே. அதுல துளி கொண்டுவந்து இவனுக்குப் போடேன்டி.”

“அது தட்டுல வளர்ற செல்லுக்கும்மா. உடம்புக்குள்ள கட்டி வரைக்கும் கொண்டுபோக இன்னும் வழி தெரியல. எலிக்கே இனிமேதான் போட்டுப் பார்க்கணும்.”

“எத்தன நாளாகும்?”

“வருஷக்கணக்காகும்.”

“சும்மா போட்டுத்தான் பாரேன். எப்படியும் போற…” அம்மா முடிக்கவில்லை. குழாயைத் திறந்து, கழுவி வைத்திருந்த டம்ளரையே மறுபடி கழுவினாள்.

விளக்கிச் சொல்ல வாயெடுத்தால் பாடம் நடத்துவதுபோல் ஆகிவிடும். அக்கா “சரிம்மா” என்றாள். எதற்குச் சரி என்று அவளுக்கே தெரியவில்லை.

மாலை வெயில் சுவரை விட்டு இறங்கும்போது அவன் மூச்சு விட்டு விட்டு வந்தது. அம்மா அவன் பாதங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அக்கா மணிக்கட்டில் விரல் வைத்திருந்தாள். ஒரு மூச்சு வெளியே போனது, அடுத்தது வரவில்லை. விரலடியில் துடிப்பும் நின்றது. அம்மா இன்னும் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை அவனோடு வேலை செய்த நான்கு பேர் வந்தார்கள். நகக்கண்களில் சுண்ணாம்பு. மாடிப்படி குறுகல், திரும்புமிடத்தில் அவனைச் சாய்த்துத்தான் இறக்க வேண்டியிருந்தது.

“மெல்ல, மெல்ல. தலைப் பக்கம் பார்த்து” என்றார் அவர்களில் மூத்தவர்.

அக்கா ஓடிப்போய், சுவருக்கும் அவன் தலைக்கும் நடுவே உள்ளங்கையைக் கொடுத்தாள். திருப்பம் தாண்டும்வரை சொரசொரத்த சுவர் அவள் புறங்கையை உரசிக்கொண்டே வந்தது.